பொய்ப் பூ விற்ற காலம்

மலை இறங்கி முடிகிற இடத்தில், ஏலக்காய் ஏற்றி வரும் ஜீப்புகள் நின்று சூடு தணிகிற இடத்தில், கல்லோடைப்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் முப்பது வருடம் பொய்ப் பூ விற்கப்பட்டது. அந்த முப்பது வருடமும் ஊருக்கு ஒரு குறையும் வரவில்லை.

விற்றவர் அசனார் ராவுத்தர். கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லாச் சாதிக்காரர்களும் அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள். மக்காச்சோளக் கதிரின் உச்சியில் தொங்கும் நாரை உலர்த்திச் சிவப்புச் சாயத்தில் முக்கி, விரல்நுனி அளவு டப்பாவில் அடைத்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் குங்குமப்பூ. சரக்கு அப்படித்தான் வந்தது, ராவுத்தர் அப்படித்தான் விற்றார். இது நிஜமா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை.

ஏனென்றால் அது கேட்டு வாங்குகிற பொருளே இல்லை. ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் அம்மா வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவார்கள், வளையல் கொண்டு வருவார்கள், கூடவே அந்த டப்பாவும் வரும். மாமியார் தினமும் நாலு இழை எடுத்துச் சூடான பாலில் போட்டுக் கொடுப்பாள், பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று. பிள்ளைகளோ கேப்பைநிறத்திலும் ஈரமண்நிறத்திலும் புளியங்கொட்டைநிறத்திலும், யாருடைய பிள்ளைகளோ அவர்களுடைய நிறத்திலேயே பிறந்தன. அதற்காகப் பூவை யாரும் குறை சொல்லவில்லை. "அவ பால ஒழுங்காக் குடிச்சிருக்க மாட்டா" என்று தாயைச் சொன்னார்கள், அடுத்த வயிற்றுக்கு அடுத்த டப்பா வாங்கினார்கள்.

முப்பத்தோராவது வருடம் ராவுத்தர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். வந்தவர், இனிமேல் பொய்ச் சரக்குத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். மிளகில் கலந்திருந்த பப்பாளி விதையைப் பொறுக்கி எறிந்தார், பாகு கலந்த தேனைத் திருப்பி அனுப்பினார், சாயம் போட்ட நாரை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடி அடித்தட்டில் தள்ளினார். பிறகு கம்பளி விற்க வந்த காஷ்மீரத்து ஆளிடம் சொல்லிவைத்து, நிஜப் பூ வரவழைத்தார். வந்த அன்று ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி இரண்டு இழையைப் போட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பொய்ப் பூ என்றால் போட்டவுடன் சாயம் கக்கும், கக்கிவிட்டு நார் வெளுத்துப்போகும். இந்த இழைகள் அவசரப்படவில்லை. கால்மணி நேரம் கழித்துத் தண்ணீர் மெல்ல மெல்ல மஞ்சளானது. இழை மட்டும் சிவப்பாகவே கிடந்தது.

"தான் மாறாது. தொட்டத மாத்தும்," என்றார் ராவுத்தர். பார்த்தவர்களுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருடம் வடக்குத் தெருவில் மட்டும் பன்னிரண்டு பேர் பிள்ளை உண்டாகியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் இருளாயி. ஜீப் ஓட்டும் தவசியின் மனைவி. குலசாமியின் பெயரும் குலசாமியின் நிறமும் அவளுக்கு வாய்த்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் மாமியார் சீனியம்மாள், "விளக்க ஏத்துங்கடா, மருமக வாரா," என்று சொல்லிச் சிரிக்காத நாள் குறைவு. அம்மா இல்லாதவளாதலால் டப்பாவை இருளாயி தானே வாங்கப் போனாள். போன இடத்தில், முப்பது வருடமாக யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"மாமா, இது என்ன செய்யும்?"

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"எங்க அத்தா இத சாபரான்னு சொல்லுவாரு. அரபுப் பேச்சுல இருந்து வந்ததுத்தா. மஞ்சள்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல. வடக்க கேசர்ங்கிறாங்க. நீ திங்கிற கேசரிக்குப் பேரு இதுலருந்துதான் வந்துச்சு. பூவப் போடுறத நிறுத்திட்டாங்க, பேரு மட்டும் சட்டியில ஒட்டிக்கிட்டு நிக்குது. ராசாக்கள் இதக் கரைச்சுக் குளிச்சிருக்காங்க. ஒரு தேசத்துல கூத்துக் கொட்டகையில தரையெல்லாம் தூவுவாங்களாம், சனங்களோட வேர்வ நாத்தம் தெரியாம இருக்க. தங்கம் வாங்க வக்கில்லாத சாமியாருங்க இதாலயே ஏட்டுல எழுதியிருக்காங்க, தங்கம் மாதிரி மின்னும்னு. இதுல கலப்படம் பண்ணினவன அந்தச் சரக்கோட சேத்துக் கொளுத்தின ஊரும் இருந்திருக்கு." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் அடித்தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வெள்ளைன்னு எங்கயாச்சும் அர்த்தம் இருக்கா மாமா?"

"நான் கேட்ட எந்தப் பேச்சுலயும் இல்லத்தா. ஒரு பேச்சுல மஞ்ச, இன்னொண்ணுல நாரு, இன்னொண்ணுல அது விளையுற ஊரு. வெள்ளைன்னு எங்கயும் இல்ல."

"கூடப் போயிருச்சுன்னா?"

"பழைய வைத்திய ஏட்டுல ஒண்ணு எழுதியிருக்கு. அளவு மிஞ்சினா ஆளு சிரிச்சுக்கிட்டே செத்துப்போவானாம்." ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுல என்ன கஷ்டம்னா, சிரிச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு யாரும் வைத்தியரக் கூப்பிட மாட்டாங்க."

இருளாயி டப்பாவை வாங்கிக்கொண்டு நடந்தாள். மஞ்சள் என்று மட்டும் அர்த்தமுள்ள ஒன்றைக் குடித்து நான் எதற்கு மஞ்சளாகப் பிள்ளை பெற வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தாள். வீடு வருவதற்குள் யோசனை முடிந்துவிட்டது.

தெருக்குழாயில் தண்ணீர் வருவது சாயங்காலம் ஆறு மணிக்கு. சீனியம்மாள் பாலைக் கொடுத்து, தம்ளர் மருமகளின் உதட்டில் படுகிறவரை பார்த்திருந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் தலை மறைந்ததும் இருளாயி பின்வாசலுக்குப் போய், பாலை முருங்கைமரத்தின் தூரில் ஊற்றிவிடுவாள். இருபது நாள் ஊற்றினாள். இருபத்தொன்றாம் நாள் ஒரு காக்கை வந்து அந்த மரத்தில் உட்கார்ந்தது, அலகைக் கிளையில் இருபக்கமும் தீட்டியது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்தது. பறந்தபோது அது குங்குமப்பூ நிறமாக இருந்தது.

இருளாயி பார்த்துக்கொண்டே நின்றாள். தெருவில் பதினொரு பெண்கள் அந்த நேரத்தில் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லலாம் என்று பக்கத்து வீட்டு மலர்க்கொடியிடம் போனாள். மலர்க்கொடி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீட்டிக் காட்டினாள்.

"பாத்தியா மதினி, நகமெல்லாம் நிறம் கொடுக்குது. வயித்துல இருக்கிறது எப்படி வரும்னு நினைச்சுப் பாரு."

காக்கையைப் பற்றிச் சொன்னால் பாலை ஊற்றியதையும் சொல்ல வேண்டும். இருளாயி, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது ஆவணி மாதம் வரை நீண்டது.

ஆவணியில் பிள்ளைகள் பிறந்தன. மலர்க்கொடியின் பெண்பிள்ளை முதலில். சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் அது காமாலை என்று நினைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளை நன்றாக இருந்தது, குங்குமப்பூ நிறமாகவும் இருந்தது. பத்து நாளில் பதினொரு பிள்ளைகள் அதே நிறத்தில் பிறந்தன. கல்லோடைப்பட்டி ஆச்சரியப்படவில்லை. எத்தனையோ தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒருவழியாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தெருமுனையில் அடுப்புக் கூட்டி அண்டாவில் கேசரி கிண்டினார்கள். "ராவுத்தர் மாமா ஹஜ்ஜுக்குப் போனது நமக்குத்தான் பலிச்சிருக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

இருளாயியின் பிள்ளை கடைசியாகப் பிறந்தான், அமாவாசையைப் பிசைந்து உருட்டி வைத்தது போல. சீனியம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள், மறுபடி மூடினாள்.

"ஊரெல்லாம் விளைஞ்சது, இவ வயித்துல மட்டும் கருகிப்போச்சு," என்றாள்.

தவசி பிள்ளையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். "நம்ம ஜீப்பு பேட்டரி மாதிரி இருக்கான். புதுசு," என்றான். அவன் நல்லவன். ஆனால் நாலு பேர் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுகிறவன்.

அதன்பிறகு அந்த நிறம் பிள்ளைகளோடு நிற்கவில்லை. பால் கொடுத்த தாய்மாருக்கு வந்தது, முத்தம் கொடுத்த அப்பன்மாருக்கு வந்தது, கன்னத்தைக் கிள்ளிய அத்தைகளுக்கும் மடியில் வாங்கிய மாமன்களுக்கும் அவர்கள் தோளில் கைபோட்டவர்களுக்கும் வந்தது, தைப்பொங்கலுக்குள் ஊர் முழுக்க வந்தது. வெளியூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து பெண் கேட்டார்கள். முகப்பூச்சு விற்ற கடை ஆள் இல்லாமல் மூடிப் பாத்திரக் கடையாயிற்று. சீனியம்மாள் அறுபது வயதில் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிச் சுவரில் மாட்டினாள். தவசி லைசென்சுக்குப் புதுப் படம் எடுத்துக்கொண்டான். இருளாயியும் அவள் பிள்ளையும் மட்டும் இருந்த நிறத்திலேயே இருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும் இல்லை.

மாசி மாதம் மூன்று காவிச் சாமியார்கள் கேள்விப்பட்டு வந்து மூன்று நாள் தங்கினார்கள். அவர்களுடைய வேட்டி காவிக்கல்லில் தோய்த்தது. மண்நிறம். ஊரின் நிறத்துக்கு முன்னால் அது அழுக்காகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டியவர்களைப் பஞ்சாயத்துத் தலைவர் பெத்தணசாமி மறித்து, "இது உங்க நிறம்தானே, இங்கயே இருங்களேன்," என்றார். மூவரில் மூத்தவர், "அடையாளத்துக்கு ஒரு நிறம் வேணும்யா துறக்கிறதுக்கு. ஊரே ஒரே நிறமாயிட்டா எதத் துறக்குறது?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

தொட்டதை மாற்றுகிற நிறத்துக்கு மனிதர்கள் முடிந்ததும் மற்றவை மிச்சமிருந்தன. எருமைகள் மாறின. குடைகள் மாறின. சட்டியின் அடிக்கரி, உளுந்தின் தோல், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, பிள்ளைகளின் அரைஞாண்கயிறு, கடையில் விற்ற கண்மை எல்லாம் ஒவ்வொன்றாகக் குங்குமப்பூ நிறமாயின. செய்தித்தாள் காலையில் எழுத்தோடு வந்து, பத்துக் கை மாறி, மதியத்தில் எழுத்தில்லாமல் கிடந்தது. பிறகு நிழல்கள் போயின. மரத்தடியில் உட்கார்ந்தாலும் வெயிலில் உட்கார்ந்தாலும் ஒன்றுபோல இருந்தது. இராத்திரி என்பது கொஞ்சம் மங்கிய சாயங்காலமாக இருந்தது. இது எதுவும் கல்லோடைப்பட்டிக்குக் குறையாகத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. வாய் பொத்திக்கொண்டு சிரிக்கிற அளவான சிரிப்பு. அது ஒரு வீட்டில் ஓய்ந்தால் அடுத்த வீட்டில் கேட்டது.

ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை. கடையைப் பாதி சாத்திவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் தாடியும் மஞ்சளாகியிருந்தது.

சித்திரை பிறந்தபோது, பதினொரு பிள்ளைகளும் அழுவதில்லை, தூங்குவதும் இல்லை என்பதைத் தாய்மார்கள் கவனித்தார்கள். முழித்தபடி கிடந்து சன்னமாகச் சிரித்தன. பால் கொடுத்தால் சிரிப்பில் பால் வழிந்தது. கை கால் மெலிந்துகொண்டே வந்தன.

"கண்ணு பட்டிருக்கு," என்று தெரு முடிவு செய்தது. கண்பட்டால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்க வேண்டும். அந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் கன்னத்தில் அந்தப் பொட்டு இல்லாமல் வளர்ந்ததில்லை. வைக்கத் தேடியபோதுதான் ஊரில் கறுப்பு இல்லை என்பது தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து மை வாங்கி வந்து வைத்தார்கள். வைத்த விரல் எடுப்பதற்குள் அது மஞ்சளாயிற்று.

அப்போதுதான் மலர்க்கொடி, பத்து மாதத்துக்குப் பிறகு, இருளாயியின் வாசலுக்கு வந்தாள். கையில் வெள்ளி மைச்சிமிழ் இருந்தது.

"மதினி, உன் பிள்ளகிட்ட இருந்து ஒரு பொட்டுக் கொடேன். கடுகத்தனைதான். என் பிள்ள தூங்கி எட்டு நாளாச்சு."

இருளாயி அவள் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. சொல்லாமல் விட்ட காக்கை இருளாயியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. தன் பிள்ளையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் காட்டினாள். மலர்க்கொடி சுட்டுவிரலால் தொட்டு எடுத்தாள். மை மாதிரியே வந்தது. மகளின் கன்னத்தில் வைத்தாள், பொட்டு நின்றது. பிள்ளை வாயைக் கோணி, ஒரு குரல் அழுது, தாயின் தோளிலேயே தூங்கிப்போயிற்று. எடுத்த இடத்தில், இருளாயியின் பிள்ளையின் காதுக்குப் பின்னால், கடுகத்தனை மஞ்சள் நின்றது.

மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு பொட்டு நாலு நாள் தங்கியது, பிறகு கரைந்தது. ஆகவே மறுபடி வந்தார்கள். பிள்ளைகளுக்கு முடிந்ததும் பெரியவர்கள் வந்தார்கள், நகத்தளவு நிழல் வேண்டும் என்று, நெற்றியில் ஒரு கீற்று வேண்டும் என்று, சிரிப்பு நிற்கவில்லை என்று. இருளாயி தன் கையை நீட்டிப் பார்த்தாள், அவள் கறுப்பு யார் விரலிலும் ஒட்டவில்லை. தள்ளுமுள்ளு ஏதும் இல்லை. பஞ்சாயத்து கூடி ஒழுங்கு செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை மட்டும், வீட்டுக்கு ஒரு பொட்டு, வடக்குத் தெரு முதலில். வரிசையைச் சீனியம்மாள் பார்த்துக்கொண்டாள். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "என் பேரன்தான். கறுப்புன்னா கறுப்பு, கலப்படம் இல்லாத கறுப்பு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தவசி வந்தவர்களுக்கு மோர் கொடுத்தான்.

இருளாயி பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எண்ணினாள். முதல் வெள்ளி பத்தொன்பது. நாலாவது வெள்ளி நூற்றுப்பதினாறு. முதுகில் எண்ண முடியாதபடி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. அன்று தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழவில்லை. சன்னமாக ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"ஏங்க, இதோட போதும்னு சொல்லுங்க," என்றாள் தவசியிடம்.

"ஊரே கேக்கும்போது நான் எப்படி இல்லன்னு சொல்றது? நம்ம வாசல்ல ஒருத்தரும் நின்னதில்ல இருளாயி, இப்பப் பாரு. எல்லாம் புண்ணியம்தான்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

அந்த வாரத்தில்தான் கண்கள் போகத் தொடங்கின. கண்ணின் நடுவில் இருக்கும் கருமணி, பார்க்கும் துவாரம், அதுவும் மஞ்சளாயிற்று. முதலில் பெத்தணசாமியின் அம்மாவுக்கு, பிறகு அவருக்கே, பிறகு தெருத்தெருவாக. அப்படி ஆனவர்களுக்கு உலகம் ஒரே மஞ்சளாக, மேடு பள்ளம் இல்லாமல், ஆள் யார் சுவர் எது என்று தெரியாமல் இருந்தது. இருளாயியும் அவள் பிள்ளையும் மட்டும் அவர்களுக்குத் தெரிந்தார்கள். மஞ்சள் வெளியில் இரண்டு கறுப்புப் புள்ளிகளாக. அவர்களைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் தலைவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பேச்சு மரியாதையாகவே இருந்தது.

"தோல்ல எடுக்கிற கறுப்பு கண்ணுக்கு நிக்கலத்தா. வச்சுப் பாத்தாச்சு. கண்ணுக்குக் கண்ணோட கறுப்புதான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. பிள்ளைக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல. ஒண்ணு போதும். எல்லாரும் பங்கிட்டுக்குவோம்." கொஞ்சம் சிரித்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடிஞ்சதும் வந்துர்றோம்."

"என் பேரன் ஊருக்கே கண்ணு," என்றாள் சீனியம்மாள்.

அவர் போனதும் இருளாயி கடைவீதிக்குப் போனாள். ராவுத்தர் காலடிச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார். அவர் கண்ணும் போயிருந்தது. பிள்ளை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரியுறான்," என்றார். "இம்புட்டூண்டு கறுப்பா. அம்சமா இருக்கான்த்தா."

"உங்களுக்கு வேணுமா மாமா? ஒரு பொட்டு?"

"வேண்டாம். இந்தக் கடையில இருந்துக்கிட்டு ஊர்கிட்ட எடுத்ததுக்கு மேல நான் எடுக்கக் கூடாது." அடித்தட்டைத் தடவித் தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்து மூடினார். "நாரு. சாயம் போட்ட நாரு. முப்பது வருசம் இத வித்துட்டு, ஆண்டவன் கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்தேன். எத்தன பேரு குடிச்சாங்க, ஒருத்தருக்காவது ஒண்ணு ஆயிருக்கா? எவளாவது உன்கிட்ட பூக் கேட்டா இதக் கொடு. மதியப் பஸ்ஸு பாலத்துக்கிட்ட நிக்கும். தெருவெல்லாம் ஆளா உக்காந்திருக்குன்னு உள்ள வர்றதில்ல இப்ப."

"தெருவத் தாண்டணுமே. எங்க ரெண்டு பேரத்தான் எல்லாருக்கும் தெரியுதே."

"அவங்க நிறத்துல சுத்திக்கிட்டுப் போ," என்றார் ராவுத்தர்.

பகல் பதினொன்றரைக்கு, சீனியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து நாளைய வரிசைக்கு வீடுகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருளாயி கொடியில் கிடந்த மாமியார் சேலை இரண்டை எடுத்தாள். ஒன்றில் பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை சுற்றினாள், மற்றதைத் தலையில் முக்காடிட்டுக் கை கால் தெரியாமல் போர்த்திக்கொண்டாள். இரண்டும் ஒரு காலத்தில் கறுப்புக்கரை போட்ட சேலைகள். பின்வாசல் வழியாக, முருங்கைமரத்தைத் தொடாமல் சுற்றி, தெருவில் இறங்கினாள்.

வெயிலில் தெரு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் நிழல் இல்லை. மஞ்சள் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி சிரிப்பில் இருந்தார்கள். அவள் நடந்தாள். நாலாவது வீட்டு வாசலில் தவசி ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றான்.

"யாரது போறது?" என்றான்.

வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். இருளாயி வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஊர் சிரிக்கிற சிரிப்பை அப்படியே சிரித்தாள். தவசியும் சிரித்தான். பக்கத்து வாசலில் சிரித்தார்கள், எதிர் வாசலில் சிரித்தார்கள், சிரிப்பு அவளுக்கு முன்னால் தெருமுனை வரைக்கும் ஓடி வழிவிட்டது. சேலைக்குள் பிள்ளையும் சிரித்தான். ஊர் எல்லைக்கல் தாண்டியபோதுதான் அவளுக்குத் தன் சிரிப்பு நிற்கவில்லை என்பது தெரிந்தது. கையைக் கடித்து நிறுத்தினாள்.

பாலத்தில் பஸ் நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு சேலைகளையும் உருவிச் சுருட்டி ஜன்னல் வழியே ஓடையில் எறிந்தாள். பஸ் நகர்ந்தது. சாலையோரத்தில் புளியமரங்களுக்கு நிழல் இருந்தது. பஸ்ஸுக்கும் நிழல் இருந்தது. கூடவே ஓடி வந்தது. பிள்ளை அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தான், பிறகு வாயைத் திறந்து பெரிதாக அழுதான். இருளாயி அவனுக்குப் பால் கொடுத்தாள். அழுதுகொண்டே குடித்துத் தூங்கினான்.

கண்டக்டர் சின்ன வயதுக்காரர், மீசை இப்போதுதான் தடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"கல்லோடைப்பட்டியில ஏறினீங்க, பிள்ள என்னக்கா இந்த நிறத்துல இருக்கான்? அங்க எல்லாம் குங்குமப்பூக் கலர்ல பொறக்குதாமே."

"இவன் இப்படித்தான்," என்றாள் இருளாயி.

"எங்க வீட்ல இப்ப அஞ்சாம் மாசம்க்கா. அந்தப் பூவு எங்க கிடைக்கும்? எங்கம்மா தெனமும் நச்சரிக்குது."

இருளாயி மடியிலிருந்து ராவுத்தரின் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். "எங்க ஊர்ல முப்பது வருசமா இதத்தான் குடிச்சோம். நல்ல சரக்கு. இதையே கொடுங்க," என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கண்டக்டருக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் அவர் விவரமானவர். டிரைவருக்குப் பின்னால் தொங்கிய பாட்டிலை எடுத்து, மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு இழையைப் போட்டார். போட்டவுடன் தண்ணீர் சிவந்தது. இழை வெளுத்துப்போய் மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"டூப்ளிகேட்டுக்கா. உங்கள யாரோ ஏமாத்தியிருக்காங்க," என்று வருத்தத்தோடு சொல்லி, டப்பாவை ஜன்னல் வழியே வீசினார். "பரவால்ல விடுங்க. நாளைக்கு எனக்கு லீவு. நானே உங்க ஊருக்குப் போய் நல்லதாப் பாத்து வாங்கிக்கிறேன்."

இருளாயிக்கு அதற்குமேல் கொடுக்க ஒன்றும் இல்லை. இருந்தது ஒன்றுதான். தூங்கும் பிள்ளையைத் தோளில் திருப்பிப் போட்டு, சட்டையைக் கழுத்துவரை தூக்கி, முதுகைக் காட்டினாள். கடுகளவும் மிளகளவும் நகத்தளவுமாய், ஒன்றோடொன்று கூடிய மஞ்சள். காதுக்குப் பின்னால் இருந்து இடுப்பு வரைக்கும்.

"பாருங்க தம்பி," என்றாள். "நல்லாப் பாருங்க. அங்க போனா இதுதான்."

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். பஸ் இரண்டு வளைவு திரும்பியது. பிறகு அவர் நிமிர்ந்து, ஆறுதல் சொல்கிற குரலில், கனிவாகச் சொன்னார்:

"அட, இவனுக்கும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. கவலைப்படாதீங்கக்கா. கொஞ்ச நாள்ல முழுசும் நிறமாயிருவான்."